நோன்பு இல்லை என்று சொன்னேன்

டொக்டர்,

நேற்றுப் பின்னேரம் உம்மாவின் அலுமாரியை ஒதுக்கினேன். உம்மா மௌத்தாகி ஒரு வருடம் ஆகப் போகிறது. நோன்பு வருவதற்குள் சேலைகளை யாருக்காவது கொடுத்துவிடும்படி உம்மாவின் மூத்த மகன், என் காக்கா, அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். கீழ்த்தட்டில், தொழுகைச் சேலைக்கு அடியில், உங்கள் மருந்து உறை ஒன்று கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. வெளியே உங்கள் பெரிய நீல எழுத்து: "சஹருக்கு அரை. நோன்பு துறந்து ஒண்டு." முகர்ந்து பார்த்தேன். விட்டமின் குளிசையின் மணம் இன்னும் இருந்தது.

நீங்கள் இறந்து இரண்டு மாதம். சொறிக்கல்முனையில் உங்கள் வீட்டு வாசலில் நானும் வந்து நின்றேன். "எத்தினை சனத்தக் காப்பாத்தின கை" என்று ஒரு பெண் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. உங்களைப் பற்றிய பொய் ஒன்று எங்கள் ஊரில் பதினான்கு வருடமாக உலவிக்கொண்டிருந்தது. அதை ஒரு வார்த்தையில் நிறுத்தியிருக்கக்கூடியவள் நான்.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நீங்கள் 'லேடி டொக்டர்'. கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறை, சனம் காத்திருக்க ஒரு நீள வாங்கு. பிள்ளைக் காய்ச்சலுக்கும் உங்களிடம்தான், வெளியில் சொல்லக் கூசுகிற வருத்தத்துக்கும் உங்களிடம்தான். உம்மாவின் விரலில் குத்தி இரத்தம் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னீர்கள்: "உம்மா, உங்கட சீனிய வித்தா கல்முனைச் சந்தைக்கே காணும்." உம்மா வீடு வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்.

அந்த வருடம் உம்மாவை நோன்பு பிடிக்க வேண்டாம் என்றீர்கள். காக்காவும் ஒத்துக்கொண்டார். பிடிக்க முடியாத நோன்புக்குப் பகரமாகக் கொடுக்க வேண்டிய அரிசியை முப்பது நாளுக்கும் சேர்த்து ஏழை வீடுகளுக்குப் பங்கிட்டார். உம்மாவுக்கு மனம் கேட்கவில்லை.

"ஊரே நோன்பு. நான் மட்டும் பகல்ல பீங்கானை வெச்சுட்டுத் திங்கிறதா? எனக்கு இறங்காது மகள். காக்காட்டச் சொல்லிராத."

பகலில் சோற்றைப் போட்டு, அதைக் கோழிகளுக்குக் கொட்டிவிட்டு, பீங்கானில் கறி ஆணத்தைப் பூசிக் குசினியில் வைப்பார். காக்கா தான் கலியாணம் முடித்த வீட்டிலிருந்து பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து குசினியை எட்டிப் பார்ப்பார். அழுக்குப் பீங்கானைக் கண்டதும் நிம்மதியாகப் போய்விடுவார். நான்தான் அதைக் கழுவி வைப்பேன்.

இரண்டாம் கிழமை, உம்மாவுக்குத் தலைச்சுற்று. பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு உங்களிடம் கூட்டி வந்தேன். சீனி நன்றாகக் கூடியிருந்தது.

"உம்மா நோன்பா?" என்று கேட்டீர்கள்.

உம்மா என்னைப் பார்த்தார்.

"இல்ல டொக்டர், புடிக்கல்ல" என்றேன் நான்.

"இப்ப பின்னேரம் என்ன சாப்பிட்டவ?"

"ஒரு பிளேன்டீ மட்டும்."

நோன்பு துறக்க எடுத்த பேரீச்சம்பழமும் கஞ்சியும் சர்பத்தும் உள்ளே போய் ஒரு மணித்தியாலம்கூட ஆகியிருக்கவில்லை. நீங்கள் யோசித்தீர்கள். பிறகு காலைக் குளிசையை ஒன்றிலிருந்து இரண்டாக்கினீர்கள். மூன்று வேளையும் சாப்பிடும் ஒருவருக்கு அது சரியான கணக்குத்தான். உம்மா அந்த இரண்டையும் விடியுமுன் சஹர் சாப்பாட்டோடு விழுங்கிவிட்டுப் பகல் முழுக்கப் பட்டினி இருந்தார்.

நான்காம் நாள் அஸர் நேரம் உம்மா கிணற்றடியில் விழுந்தார். உடம்பெல்லாம் வேர்வை, பேச்சுக் குளறியது. திரீவீலில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். குளிசை கூடிச் சீனி அடியோடு இறங்கிவிட்டது என்றார்கள் அங்கே. கேள்விப்பட்டு நீங்களும் வந்தீர்கள்.

"இண்டைக்கு எத்தினை மணிக்குச் சாப்பிட்டவ, பிள்ள?"

"சஹருக்கு."

கண்ணை ஒருமுறை மூடித் திறந்தீர்கள். உள்ளே போய்க் கடமையில் இருந்த டொக்டரிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தீர்கள். அப்போதுதான் காக்கா ஓடி வந்தார்.

"ஆரு குளிசையக் கூட்டினது?"

"நான்தான் தம்பி."

அதோடு நிறுத்திக்கொண்டீர்கள். என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நான் பேசுவேன் என்று காத்திருந்தீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு தாதி தள்ளுவண்டியை அந்த நீளமான விறாந்தையின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை தள்ளிக்கொண்டு போனார். அவ்வளவு நேரம் இருந்தது எனக்கு. நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் அன்றைக்கே நோன்பு துறந்த கையோடு காக்கா சந்தித் தேத்தண்ணிக் கடையில் இருந்து உங்களை ஏசினார். அது ஊரெல்லாம் பரவியது. "லேடி டொக்டருட்டயா போறாய்? குளிசைய எண்ணிப் பாத்து முழுங்குகா!" என்று பெண்கள் பகிடி பண்ணுவது என் காதிலேயே விழுந்தது. கேளாதவள் போல நடந்தேன். உங்கள் வாங்கில் எங்கள் ஊர்ச் சனம் குறைந்தது.

பெருநாள் முடிந்ததும் தனியாக உங்களிடம் வந்து அழுதேன். நீங்கள் கையிலிருந்த பேனையைக் கீழே வைக்கவுமில்லை.

"உங்கட உம்மா நோன்பு புடிச்சது அவட விசயம். என்னட்ட வாறவங்கட விசயத்த நான் வெளியில கதைக்கேலாது. நீங்க கதைக்கலாம். கதைக்கிறதும் விடுறதும் உங்கட பாடு." பிறகு சொன்னீர்கள்: "என்ட கேள்வியும் பிழைதான். நோன்பா எண்டு நான் கேட்டா ஆரு ஓம் எண்டு சொல்லுவாங்க? ஏச்சு விழும் எண்டு தெரியுமே."

அடுத்த வருடத்திலிருந்து அந்தக் கேள்வியை நீங்கள் யாரிடமும் கேட்கவில்லை. நோன்புக்கு முந்திய மாதமே சீனிக்காரரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "சஹருக்கு என்ன சாப்பிடுவீங்க?" என்று கதையைத் தொடங்குவீர்கள். தடுக்க முடிந்தவர்களைத் தடுத்தீர்கள். முடியாதவர்களுக்கு மருந்தைக் குறைத்து, சஹருக்கும் நோன்பு துறக்கும் நேரத்துக்குமாக மாற்றி, உறையில் எழுதிக் கொடுத்தீர்கள். சந்தைக்குப் போவதாகக் காக்காவிடம் சொல்லிவிட்டு உம்மாவும் உங்களிடமே வந்துகொண்டிருந்தார். பதின்மூன்று வருடம் இருந்தார்.

"காக்காக்கு நான் மௌத்தானப் பொறகு சொல்லு" என்றார் உம்மா. மகன் அரிசி கொடுத்த நோன்பை மகனுக்கு ஒளித்துப் பிடித்ததில் அவருக்கு அவ்வளவு வெட்கம். உம்மா போன பிறகும் நான் சொல்லவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று இருந்தேன். அதற்குள் நீங்களும் போய்விட்டீர்கள்.

நேற்று சேலைகளை எடுக்கக் காக்கா வந்தபோது சொல்லிவிட்டேன்.

"காக்கா, உம்மா அண்டைக்கு நோன்பு."

"எண்டைக்கு?"

"கிணத்தடியில விழுந்த அண்டைக்கு. அதுக்கு முன்னுக்கும் எல்லா நாளும். லேடி டொக்டர் கேட்டா. நான்தான் இல்லையெண்டு பொய் சொன்னேன்."

கட்டி வைத்த சேலை மூட்டையிலேயே இருந்துவிட்டார்.

"அந்த மனிசிய நான் சந்தியில வெச்சு ஏசினேன்டி."

"தெரியும்."

"தெரிஞ்சுமா இருந்தாய்?"

அன்று கடையில் இருந்தவர்களை விரல் விட்டு எண்ணினார். எட்டுப் பேர். இப்போது உயிரோடு இருப்பவர்கள் இரண்டே பேர். சேலைகளை எடுக்காமலே மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு போனார்.

இன்று பகல் வந்து, அந்த இரண்டு பேரிடமும் போய் உண்மையைச் சொன்னதை வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். ஒருவர் "எந்த டொக்டர்?" என்று கேட்டாராம். எல்லாம் மறந்துவிட்டது அவருக்கு. மற்றவர் நன்றாக நினைவு வைத்திருந்தாராம். அவருடைய மனைவிக்கும் சீனி வருத்தம். காக்காவின் கதையைக் கேட்ட நாளிலிருந்து மனைவியை உங்களிடம் போகவிடவில்லையாம். பிறகு யார் யாரிடமோ மருந்தெடுத்தார்களாம். போன வருடம் அந்தப் பெண்ணின் ஒரு காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

உங்களிடமே வந்துகொண்டிருந்தால் அந்தக் கால் இருந்திருக்குமா? நீங்கள் இருந்தால் கேட்டிருப்பேன். தெரியாது என்றுதான் நீங்களும் சொல்லியிருப்பீர்கள். நாளை அந்தப் பெண்ணிடம் போகிறேன், டொக்டர். அவருக்குச் சொல்ல வேண்டியதை இந்த முறை காக்காவை விட்டுச் சொல்லப் போவதில்லை.