கீழே மீன்கள் இருக்கின்றன, அப்பா

வரப்பில் எப்போதும் எனக்கு முன்னால் நடந்துபோன அப்பாவுக்கு,

நாங்கள் கடலுக்குப் போய்விட்டு வந்தோம். கரையில் நின்று கால் நனைத்துவிட்டுத் திரும்பும் கடல் இல்லை. கண்ணாடி மாட்டி, வாயில் ஒரு குழாயைக் கவ்விக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துப் பார்த்த கடல். அதற்கு ஸ்நார்க்கலிங் என்று பெயர். டிவியில் அதைப் பார்த்த தங்கச்சி மகிழினி உங்கள் மடியிலிருந்து இறங்கிப் போய்த் திரையைத் தொட்டு, "நானும் உள்ள போவேன்" என்றாளே, நினைவிருக்கிறதா? "பள்ளிக்கூடம் போற வயசு வரட்டும், கூட்டிட்டுப் போறேன்" என்றீர்கள். இந்த ஜூனில் அவள் ஒன்றாம் வகுப்பு. அம்மாவிடம் நான்தான் அதை ஞாபகப்படுத்தினேன்.

"அவரே இல்ல, மீன் என்னடி மீன்" என்றாள் அம்மா. அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் சோறு வடிக்கும்போது அவளாகவே கேட்டாள்: "அந்தக் கண்ணாடி சின்னப் புள்ளைங்க மூஞ்சிக்கு நிக்குமா?"

ராமேஸ்வரம் போகிறோம் என்றதும் தெருவில் எல்லோரும் உங்கள் காரியமாகத்தான் போகிறோம் என்று நினைத்துவிட்டார்கள். பெரியம்மா எள் வாங்கி வந்து கொடுத்தார். விஷயம் தெரிந்ததும், "ராமேஸ்வரத்துக்குப் போயி மீன வேடிக்கை பாக்கப் போற ஒரே குடும்பம் நம்ம குடும்பந்தான்" என்றார். அம்மா சிரிக்காமல், "அவர் பேரைச் சொல்லி முழுக்கும் போடுவோம்க்கா, மீனும் பாப்போம். ரெண்டும் ஒரே தண்ணிதானே" என்றாள். எள்ளையும் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டாள்.

இந்தப் பயணத்தை நான் அவ்வளவு விரும்பியதற்குக் காரணம் மீன் மட்டும் இல்லை அப்பா. எனக்குள் ஒரு பயம் இருந்தது. மகிழினி உங்களை மறந்துவிட்டாளோ என்ற பயம். நீங்கள் போனபோது அவளுக்கு மூன்றரை வயது. சுவரில் இருக்கும் உங்கள் படத்தைக் காட்டி "அப்பா" என்கிறாள். அதே குரலில்தான் பள்ளிக்கூடத்துப் படத்தைக் காட்டி "காந்தித் தாத்தா" என்கிறாள். "அப்பாவப் பத்தி உனக்கு என்ன ஞாபகம் இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன். டிராக்டரில் உட்கார வைத்தீர்கள் என்றாள், மழையில் குடையைப் பறக்கவிட்டீர்கள் என்றாள். எல்லாம் நான் அவளுக்குச் சொன்ன கதைகள். நான் சொன்ன வார்த்தை மாறாமல் சொன்னாள். அவளுக்கென்று, அவள் மட்டும் வைத்திருக்கிற ஓர் அப்பா இல்லையே என்று அன்று எனக்குத் தோன்றியது. கடலுக்குக் கூட்டிப்போனால், "இது அப்பா சொன்ன கடல்" என்றாவது அவளுக்கு ஒன்று இருக்கும் அல்லவா?

முதல் நாள் அக்னி தீர்த்தத்தில் மூன்று பேரும் முழுக்குப் போட்டோம். அம்மா எள்ளும் தண்ணீருமாகக் கையில் அள்ளி, உதடு அசைய நின்றாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்டிருக்கும்.

மறுநாள் காலை படகில் போனோம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் பெரிய படகுகள் எல்லாம் கரையோரம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. எங்களைக் கூட்டிப்போனவர் சேவியர் என்ற அண்ணன். கடல் அன்று நம் ஊர் குளத்தைப் போல அலையில்லாமல் கிடந்தது. நான் பள்ளி நூலகத்தில் பவளப்பாறை பற்றி ஒரு புத்தகம் எடுத்துப் படித்திருந்தேன். பவளம் என்பது கல்லும் இல்லை, செடியும் இல்லை, அது ஓர் உயிர் என்று படகில் எல்லோருக்கும் விளக்கினேன். "உங்க பொண்ணு இருந்தா எனக்கு வேலையே இல்லக்கா" என்றார் சேவியர் அண்ணன். "இவ அப்பா இருந்தா இவளுக்கே வேலை இருக்காது" என்றாள் அம்மா. அவள் உங்களைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசி நான் கேட்டது, நீங்கள் போன பிறகு அதுதான் முதல் தடவை.

லைஃப் ஜாக்கெட்டில் மகிழினி உப்பிப் போய் இருந்தாள். நான் முதலில் இறங்கி, மிதக்கும் டியூபை அவள் பிடித்துக்கொள்ளச் செய்தேன். முகத்தைத் தண்ணீரில் வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள்.

"அக்கா, உள்ள ஒரே புகையா இருக்கு."

கண்ணாடிக்குள் ஆவி படிந்துவிட்டது. சேவியர் அண்ணன் அவளைப் படகில் தூக்கி உட்கார வைத்தார். "அது ஒண்ணுமில்ல பாப்பா. கண்ணாடிக்குள்ள லேசா துப்பித் தேச்சு, கடல்ல அலசிட்டு மாட்டு. அப்புறம் ஆவியே வராது."

"துப்ப மாட்டேன்."

"எச்சிதாம்மா. நாங்க எல்லாரும் அப்படித்தான் பண்ணுவோம்."

"தண்ணியில துப்பக் கூடாது. கீழ இருக்கவங்களுக்குப் போகும்."

"கீழ யாரு இருக்கா? இது கடலு பாப்பா."

"கீழ மீனு இருக்குல்ல?"

சேவியர் அண்ணன் சிரித்தேவிட்டார். "அந்த மீனுங்க உள்ள என்னென்ன பண்ணுதுன்னு தெரிஞ்சா நீ பேச மாட்ட" என்று சொல்லி, அவரே துப்பித் தருகிறேன் என்று கண்ணாடியை வாங்கப் பார்த்தார். அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். இவ்வளவு தூரம் வந்து இவள் ஒரு மீனைக்கூடப் பார்க்காமல் திரும்பப்போகிறாள் என்று எனக்கும் அழுகை வந்தது. கொஞ்சம் கோபமும்தான்.

"ஏன்டி இப்படி அடம் பிடிக்கிற? அப்ப எங்கதான் துப்புவ?" என்றேன் தண்ணீரிலிருந்தே.

அவள் விசும்பிக்கொண்டே சொன்னாள்: "அப்பா கையில."

சேவியர் அண்ணன் கண்ணாடியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"அப்பா இப்படிக் கை நீட்டுவாங்க" என்று தன் குட்டிக் கையைக் குழித்துத் தாடைக்குக் கீழே வைத்துக் காட்டினாள். "வாய்க்கால்ல பல்லு வெளக்குறப்ப. நான் அதுல துப்புவேன். அப்பா அத கரை மேல போட்டுட்டு மண்ணுல கையத் தேச்சுப்பாங்க. கை சொரசொரன்னு இருக்கும்."

அப்பா, இதை நான் அவளுக்குச் சொன்னதில்லை. எனக்கே தெரியாது. நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பேன், அம்மா அடுப்படியில் இருப்பாள். நீங்கள் வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போகும்போது அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போவீர்கள் என்பதுதான் எங்களுக்குத் தெரியும். "கீழ வயல் வச்சிருக்கிற கீழ்மடைக்காரங்களும் இந்தத் தண்ணியத்தான் தொடணும்" என்று எனக்கும் சொல்லியிருக்கிறீர்கள்தான். ஆனால் எனக்குக் கை நீட்டியதில்லை. "மேல போய்த் துப்பு" என்ற அதட்டல் மட்டும்தான். சின்னவளுக்கு மட்டும் என்ன அப்படி ஒரு சலுகை?

அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று எழுத எனக்கு இன்னும் தெரியவில்லை. அவள் மகிழினியின் முன்னால் உட்கார்ந்தாள். வலது கையைக் குழித்துத் தாடைக்குக் கீழே நீட்டினாள்.

"துப்புடி தங்கம்."

மகிழினி அந்தக் கையை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு துப்பினாள். அம்மா விரலால் அதைத் தொட்டுக் கண்ணாடி முழுக்கத் தேய்த்தாள். பாட்டில் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரைப் படகிலிருந்த வாளியில் ஊற்றினாள். ஒரு சொட்டு கடலில் விழுகிறதா என்று மகிழினி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சேவியர் அண்ணன் வாளியை நேராகப் பிடித்தபடி, "கரைக்குப் போய் மண்ணுல ஊத்திடறேன் பாப்பா" என்றார். அவர் இப்போது சிரிக்கவில்லை.

அப்புறம் பார்த்தோம் அப்பா. கறுப்புக் கோடு போட்ட மஞ்சள் மீன்கள் எங்கள் விரலுக்குப் பக்கத்தில் வந்து நின்று எங்களைப் பார்த்தன. நட்சத்திர மீன் ஒன்று மணலில் மல்லாந்தோ குப்புறவோ கிடந்தது; எது அதற்கு முகம் என்று என் புத்தகத்தில் இருந்தது, அந்த நேரத்தில் மறந்துவிட்டது. பாறையைத் தாண்டியதும் தரை முழுக்கப் பச்சைப் புல். எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. மகிழினி தலையைத் தூக்கிக் குழாயைத் துப்பிவிட்டுக் கத்தினாள்:

"அம்மா! உள்ள நாத்து விட்டிருக்காங்க!"

படகில் இருந்த அம்மா, "எந்த ஊரு ஆளுங்கடி?" என்று திரும்பக் கத்தினாள்.

ஊர் திரும்பிவிட்டோம். ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை. மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். நம் குத்தகை நிலத்தை மாமா குறுவைக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறார். கடலுக்குள் யார் நாற்று விட்டது என்று மகிழினி அவரைக் கேட்டுக் கேட்டு ஓயவில்லை. இப்போதெல்லாம் நான் அவளுக்கு உங்கள் கதைகளைச் சொல்வதில்லை. அவளிடம் கேட்கிறேன். இன்னும் என்னென்ன வைத்திருக்கிறாளோ?

மேட்டூர் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்ததும் காலையில் அவளை நான் கூட்டிப்போவேன். பல் விளக்கும்போது கை நீட்டுவேன். உங்கள் கையைப் போல என் கை பெரிதும் இல்லை, சொரசொரப்பும் இல்லை. ஆனாலும் கீழே இருப்பவர்களுக்கு ஒரு சொட்டும் போகாமல் பிடிப்பேன் அப்பா.

மகிழினியின் அக்கா,
உங்கள் மூத்த மகள்
இலக்கியா