பயணப்படிப் பட்டியலில் ஒரே ஒரு வரி

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியை (வயது 77),
பணியின்போது இறந்த பாதுகாப்பு அலுவலரின் தாய்.
(முழு விவரமும் முகவரியும் இணைப்பு ஒன்றில்)

பெறுநர்:
மேல்முறையீட்டு ஆணையர் அவர்கள்,
அரசு ஆவண வெளியீட்டு ஆணையம்.

பொருள்: பாதுகாப்பு அலுவலர்களின் பயணச் செலவு ஆவணங்கள் இரகசியமானவை எனக் கூறி என் மகனின் பயணப்படிப் பட்டியலைக் காட்ட மறுத்தது – அதிலுள்ள ஒரு வரியைப் பற்றி மட்டும் தெரிவிக்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. பாதுகாப்புப் பிரிவு அலுவலகத்தின் மறுப்புக் கடிதம். 2. முதல் மேல்முறையீட்டில் தரப்பட்ட ஒரு பக்க நகல்.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு வணக்கம்.

1. என் மகன் உயர் அலுவலர் ஒருவரின் பாதுகாப்பு அலுவலராக ஒன்பது ஆண்டுகள் பணியாற்றினான். சென்ற ஆண்டு காவல் வாகனம் கவிழ்ந்ததில் இறந்தான். இழப்பீடு வந்து சேர்ந்தது. பாராட்டுப் பத்திரமும் சட்டமிட்டு வந்தது. அதில் அவன் பிறந்த தேதி தவறாக உள்ளது, அதையும் விட்டுவிட்டேன். இவை பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை.

2. நான் கேட்டது, அவனுடைய தந்தை இறந்த மாதத்துக்கான பயணப்படிப் பட்டியலை மட்டுமே. அது வெளியானால் உயர் அலுவலர் எங்கே செல்கிறார், எங்கே தங்குகிறார், உடன் எத்தனை பேர் செல்கின்றனர் என்பவை தெரிந்துவிடும், அவர் உயிருக்கு ஆபத்து நேரும் என்று மறுப்புக் கடிதம் கூறுகிறது. இக்காரணத்தை நான் ஏளனம் செய்யவில்லை. ஓராண்டுப் பட்டியல்களைக் கையில் கொடுத்தால், அவர் எந்த வாரம் எந்த ஊரில் இருப்பார் என்று என் முதலாண்டு மாணவர்களே கணித்துச் சொல்லியிருப்பார்கள்.

3. முதல் மேல்முறையீட்டுக்குப் பின் ஒரு பக்க நகல் வந்தது. நாள், ஊர், வாகனம், தூரம், காரணம் அனைத்தின் மீதும் கறுப்பு மை. என் மகனின் கையொப்பத்தின் மீதும் அதே மை. அடியில் மொத்தத் தொகை மட்டும் தெளிவாகத் தெரிகிறது. அப்பக்கத்தில் நான் கேட்காதது அது ஒன்றுதான்.

4. இனி எழுதப்போவது என் மகன் செய்த விதிமீறல். அவன் எழுத்தை அவனாலேயே படிக்க முடியாது. பணியில் சேர்ந்த முதல் மாதம் கணக்குப் பிரிவு எழுத்தர் பட்டியலைத் திருப்பிக் கொடுத்து, “சார், வீட்ல யாராவது படிச்சவங்க இருந்தா எழுதச் சொல்லுங்க” என்றாராம். வீட்டில் படித்தவள் நான். அன்று முதல் நூறு பட்டியல்களுக்குக் குறையாமல் என் கையால் எழுதியிருக்கிறேன். அவை பாதுகாப்புப் பிரிவின் காப்பறையில் இரகசிய முத்திரையோடு இருக்கின்றன. அனைத்தும் என் எழுத்து.

5. மாதந்தோறும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து, சட்டைப்பைகளை எங்கள் உணவு மேசை மீது கவிழ்ப்பான். பேருந்துச் சீட்டுகள், இரயில் சீட்டுகள், விடுதி ரசீதுகள். எங்கே போனாய் என்று நான் கேட்டதில்லை. சொல்லக்கூடாது என்பது விதியாகையால் அவன் சொன்னதுமில்லை. நான் சீட்டுகளை நாள்வாரியாக அடுக்கி எழுதுவேன். அவன் எந்த வாரம் அலைந்தான், எந்த நாள் சாப்பிடாமல் கிடந்தான் என்பதெல்லாம் அவற்றிலிருந்து எனக்குத் தெரிந்துவிடும். அதை நாங்கள் பேச்சாகக் கருதவில்லை. என் கணவரிடம்கூட ஓர் ஊரின் பெயரையும் நான் சொன்னதில்லை. இதற்காக ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதாயின், அவன் இல்லை, நான் இருக்கிறேன்.

6. என் கணவர் மருத்துவமனையில் இருந்தபோது ஒரு நாள் காலை மகனைத் தொலைபேசியில் அழைத்து, “அப்பாவுக்கு ரொம்ப முடியலடா, உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கார்” என்றேன். “லீவு சொல்லிட்டு உடனே கிளம்புறேம்மா” என்றான். அதன்பின் அவன் தொலைபேசியில் கிடைக்கவில்லை. அறைக்கதவு திறந்தபோதெல்லாம், வந்தவர் செவிலியானாலும் தரை துடைப்பவரானாலும், என் கணவர் “வந்துட்டானா?” என்று கேட்டார். மறுநாள் பிற்பகல் கேட்பதை நிறுத்தினார். மகன் வந்து சேர்ந்தது நான்காம் நாள். உறவினர் நிறைந்த கூடத்தில் நான் அவனிடம், “உங்க அதிகாரிக்கு ஒண்ணுன்னா நேரத்துக்கு நின்னிருப்பே” என்றேன்.

7. அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறன்று வழக்கம்போல் வந்து சீட்டுகளை மேசை மீது வைத்தான். அன்று அவற்றைக் கவிழ்க்கவில்லை. அவனே அடுக்கி எடுத்து வந்திருந்தான். “போன மாசத்துப் பில்லும்மா. கொஞ்சம் பாருங்களேன்” என்றான். நான் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல், “உனக்கும் கை இருக்கு. நீயே எழுதிக்கோ” என்றேன். தேநீரைக் குடித்து முடித்தான். சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான். பிறகு பட்டியல் எதையும் அவன் என்னிடம் கொண்டுவரவில்லை. ஐந்து மாதங்களில் விபத்து.

8. துக்கம் கேட்க வந்த அவனுடைய பிரிவு ஓட்டுநர், எல்லோரும் எழுந்து போன பின்பு என்னிடம் சொன்னார்: “அம்மா, பெரியவருக்கு முடியலேன்னு தெரிஞ்சதும் சார் பஸ் ஏறிட்டாரும்மா. பாதி வழியில போன் பண்ணித் திரும்ப வரச் சொல்லிட்டாங்க.” எந்த இடத்தில் என்று கேட்டேன். “அதைக் கேக்காதீங்கம்மா, என் வேலை போயிடும்” என்றார். அவர் இரக்கம் உள்ளவர். துக்க வீட்டில் இரக்கம் உள்ளவர்கள் சொல்வதைச் சான்றாகக் கொள்ள நான் பழகவில்லை.

9. எனவே சான்று தேடுகிறேன். நூறு பட்டியல்கள் எழுதியவள் என்ற முறையில் ஒரு விதியை அறிவேன்: விடுப்பில் சென்றவரை வழியில் திரும்ப அழைத்தால், திரும்பி வரும் பயணத்தின் செலவை அலுவலகம் ஏற்கும், பட்டியலில் அது தனி வரியாக எழுதப்பட வேண்டும். ஓட்டுநர் கூறியது உண்மையாயின் அந்த வரி அங்கே இருக்கும். அவ்வரியால் எந்த உயர் அலுவலரின் நடமாட்டமும் வெளிப்படாது. அந்தப் பேருந்தில் அவர் இல்லை. என் மகன் மட்டுமே இருந்தான். அன்று அவன் யாருக்கும் பாதுகாப்பு அலுவலன் அல்லன்.

10. அவன் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் ஒன்பது ஆண்டுகளில் அவன் தன் பயணம் எதையும் என்னிடம் வாயால் சொன்னதில்லை. எப்போதும் சொல்லும் முறையில்தான் அன்றும் சொல்ல வந்தானோ என்பதை நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

11. ஆகவே நகல் வேண்டாம், ஊரின் பெயர் வேண்டாம். தங்கள் அலுவலர் ஒருவர் மூலப் பட்டியலைப் பார்த்து, ‘விடுப்பிலிருந்து திரும்ப அழைப்பு’ என்ற வரி உண்டா என்று மட்டும் தெரிவித்தால் போதும். அஞ்சல் தலை ஒட்டிய அட்டை ஒன்றை இணைத்துள்ளேன். அதில் ‘ஆம் / இல்லை’ என்று எழுதியிருக்கிறேன், பொருந்தாததை அடித்துவிடலாம். தூரத்துக்கும் அப்பட்டியலில் ஒரு கட்டம் உண்டு. வீட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் இருக்கையில் அவன் திரும்பினான் என்று அறிய ஆசைதான். அதைத் தங்கள் முடிவுக்கு விடுகிறேன்.

12. ‘இல்லை’ என வந்தால் மறுபடி முறையிட மாட்டேன். ஓட்டுநர் எனக்காக ஒரு பொய் சொன்னார் என்று அறிந்துகொண்டு, மகன் மீது தொடர்ந்து கோபமாக இருப்பேன். கோபம் உள்ளவரை அவனோடு தினமும் இரண்டு வார்த்தை பேசவாவது முடிகிறது. ‘ஆம்’ என வந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் கேட்கிறேன். விரைந்து ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இடம்: இணைப்பு ஒன்றில் கண்டபடி
நாள்: மார்ச்சு 14

பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
மனுதாரர்

இணைப்பு: 1. மனுதாரர் விவரம். 2. மறுப்புக் கடிதம். 3. மை பூசிய பக்கம். 4. பதில் அட்டை.