ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரி

பிப்ரவரி 11

பன்னிரண்டு கல்லூரிகளை இரண்டு பிரிவாக வெட்ட வேண்டுமாம். கத்தி என் கையில். "இத்தனை வருஷமா அட்டவணை போட்டது மார்லிஸ்தான், அவங்களே பிரிக்கட்டும்" என்று எங்கள் விளையாட்டுக் கூட்டமைப்பின் புது ஆணையர் விட்லாக் கூட்டத்தில் அறிவித்துவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். பிரித்த பிறகு பன்னிரண்டு பயிற்சியாளர்களும் யாரைத் திட்டுவார்கள் என்று தெரிந்து தட்டிய கை.

பிப்ரவரி 19

வரைபடத்தில் நடுவே கோடு போட்டு கிழக்கு, மேற்கு என்றேன். பலமான அணிகள் ஐந்தும் கிழக்கில். மேற்கில் முதலிடம் வருகிறவன் இறுதி ஆட்டத்துக்கு வந்து உதை வாங்கிக்கொண்டு போவான். டிவிக்காரர்கள் தூங்கிவிடுவார்கள் என்றார் விட்லாக். ஃபுட்பால் யாருக்காக நடக்கிறது என்பதை மறந்தது என் தப்புதான்.

மார்ச் 4

பலத்தைச் சமமாகப் பங்கிட்டேன். கச்சிதமாக வந்தது. ஒரே ஒரு இடறல் — ரிவர்டன் ஒரு பிரிவில், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரி இன்னொன்றில்.

நான் ரிவர்டனில் படித்தவள். அந்தக் கல்லூரியின் பெயரை நாங்கள் வாயால் சொல்வதில்லை. அவர்களும் எங்கள் பெயரைச் சொல்லமாட்டார்கள். வழிவழியாக அப்படித்தான். இங்கேயும் எழுதமாட்டேன்.

அண்ணன் டுவேன் படித்தது அங்கே. நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வாரச் சனிக்கிழமை இரண்டு அணிகளும் மோதும். ஜெயித்தவர்களுக்குத் துருப்பிடித்த ஒரு பம்புக் கைப்பிடி பரிசு. அப்பாவின் பண்ணையை விற்றபோது வந்த சண்டைக்குப் பிறகு, அண்ணனும் நானும் பேசிக்கொள்வது அந்த ஒரு நாள்தான். மைதானத்துக்கு வெளியே அவனுடைய டிரக்கின் பின்கதவை இறக்கி, அவன் செய்த சில்லியை, அதாவது பீன்ஸும் கறியும் போட்ட காரக் குழம்பை, தின்றுகொண்டு, ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசுவோம். பிரிவு மாறினால் ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லையென்றால் எனக்கு அண்ணனும் இல்லை.

மார்ச் 6

வழி கிடைத்துவிட்டது! பிரிவு எதுவானாலும் ஒவ்வொரு கல்லூரியும் ஒரு பரம எதிரியை வைத்துக்கொள்ளலாம்; அவர்களோடு வருடா வருடம் ஆட்டம் நிச்சயம். கூட்டத்தில் இருவரும் ஒருவர் பெயரை ஒருவர் சொன்னால் போதும். விட்லாக்குக்குப் பிடித்துவிட்டது. எனக்கு இவ்வளவு மூளை இருப்பது எனக்கே தெரியாது.

ஏப்ரல் 2

மண்டு. மண்டு. மண்டு.

விட்லாக் மேசையைச் சுற்றி ஒவ்வொரு கல்லூரியின் விளையாட்டு இயக்குநரிடமும் கேட்டுக்கொண்டே வந்தார். எங்கள் ரிவர்டன் இயக்குநர் ஓல்சனின் முறை வந்தது.

"எங்களுக்கு எதிரின்னு யாரும் கிடையாது. எங்களை எதிரியா நெனச்சுக்கறவங்க இருக்கலாம்."

அந்தப் பக்கத்து இயக்குநர் லைல் முகட்டைப் பார்த்தபடி, "எங்க நிலைமையும் அதேதான்" என்றார்.

விட்லாக் வெளியூர்க்காரர். இரண்டு பேருக்கும் எதிரி இல்லை என்று எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட்டார். எதிரி சொல்லாமல் மீந்தவர்களை எப்படியோ ஜோடி சேர்த்தாயிற்று; ரிவர்டனுக்கு வேறு யாரோ, அந்தப் பக்கத்துக்கு வேறு யாரோ.

பெயரைச் சொல்லமாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து இதே ஊரில்தானே கிடக்கிறேன்? நானாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். வரவில்லை. காபியைக் குடித்தேன்.

ஏப்ரல் 9

தனித்தனியாகக் கெஞ்சிப் பார்த்தேன். மொதல்ல அவங்க சொல்லட்டும் என்கிறார் ஓல்சன். லைலும் அதே வார்த்தை. இவ்வளவு ஒற்றுமையை நான் எந்த நண்பர்களிடமும் பார்த்ததில்லை.

ஜூன் 14

பிரிவுகளுக்குப் பெயர் வைத்தாயிற்று: துணிவு, பெருமை. ஒரு ஆலோசனை நிறுவனமே உட்கார்ந்து யோசித்ததாம். ரிவர்டன் துணிவுப் பிரிவில் இருக்கிறது. நல்ல பொருத்தம்.

ஜூன் 15

டுவேன் செய்தியைப் பார்த்திருப்பான். கூப்பிடவில்லை. நானும்தான்.

நவம்பர் 29

இன்றைக்கு ஏதோ ஒரு கல்லூரியோடு ஆடினோம். அட்டவணை போட்டவளே நான், எனக்கே பெயர் மனதில் நிற்கவில்லை. தோற்றோம். யாரும் அழவில்லை, யாரும் யாரையும் திட்டவில்லை. எதிரணிக்காரர் ஒருவர் எனக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதைவிடக் கேவலம் உண்டா?

வெளியே சில்லி வாசனை. திரும்பிப் பார்த்தேன். யாரோ.

எனக்கு அழுகை வந்தது. ஆட்டத்துக்காக இல்லை.

நவம்பர் 30

டுவேனைக் கூப்பிட்டேன். எடுத்தான்.

"நேத்து ஹால்வர்சன் ஜெயிச்சுதா?" என்றேன்.

அந்தப் பக்கம் டிவியை அணைக்கிற சத்தம் கேட்டது.

"பேரைச் சொல்லிட்டியேடி."

"ஆமா. சொன்னேன்."

"தோத்துட்டோம்," என்றான். பிறகு அவனும், "ரிவர்டன்?"

நாங்களும்தான் என்றேன். ஆட்டத்தைப் பற்றி அவ்வளவுதான் இருந்தது. வைத்துவிடுவான் என்று நினைத்தேன். முட்டியில் ஆபரேஷன் ஆனதைச் சொன்னான். ஆகஸ்டிலேயே நடந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. அடுத்த சனிக்கிழமை சில்லி செய்யப் போகிறானாம், வா என்றான்.

ஆட்டம் இல்லையே என்றேன்.

"இல்லாட்டி என்ன, பசிக்காதா?"