விட்டுக்கொடுத்த அட்டைகள்

ஜூன் 3, செவ்வாய்

சலவை ஆலையின் சாப்பாட்டு அறையில் இன்று ஆறாவது ஆங்கில வகுப்பு. முதல் ஷிஃப்ட் முடிந்து நாலு மணிக்குச் சோப்புத்தூள் வாசனையோடு வந்து உட்காருகிறார்கள். இலக்கணம் என்றால் ஏழு பேருக்கும் கொட்டாவி. அதனால் அட்டை ஆட்டம்தான். மேசையில் பன்னிரண்டு படங்கள், எதிரெதிரே இருவர், மற்றவர்கள் சுற்றி நிற்பார்கள். நான் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்வேன். சரியான படத்தில் யார் கை முதலில் விழுகிறதோ, அட்டை அவருக்கு.

இவர்களுடைய மேஸ்திரிக்குப் பதினொன்று. விரிப்பு மடிக்கும் மடிப்பக்காவுக்கு ஒன்று. ஐம்பத்து மூன்று வயதில் என்ன வேகம் இந்த மனுஷனுக்கு. போர்டில் எண்களைப் பெரிதாக எழுதி, என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

ஜூன் 6, வெள்ளி

புது நிர்வாகத்துக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். இருபதாம் தேதி மேஸ்திரியை உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்களாம். பதில் வராவிட்டால் பதவி வேறொருவருக்கு, இவர் மூட்டை ஏற்றப் போக வேண்டியதுதான். இருபத்திரண்டு வருஷம் அந்த மிஷின்களோடு குடித்தனம் நடத்தியவர். தனியாகப் படிக்க வெட்கப்பட்டுத்தான் தன் கீழ் வேலை செய்யும் ஆறு பேரையும் கூட்டி வந்திருக்கிறார்.

“நான் தயாரா டீச்சர்?”

“கண்ணை மூடிட்டுப் போங்க.”

மேலாளருக்கும் அவர் தயார் என்றே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 7

“சீட்டாடிட்டு வர்றதுக்குச் சம்பளமா?” என்கிறார் வீட்டுக்காரர். அவர் காபியில் சர்க்கரை விட்டுப்போனது தற்செயல்.

ஜூன் 10, செவ்வாய்

பல்வலி, மேஸ்திரி வரவில்லை. மடிப்பக்காவை இஸ்திரிக்காரரோடு ஆடவிட்டேன். நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் அக்காவின் கை விழுகிறது. பன்னிரண்டும் அவருக்கே.

“இத்தனை நாள் இந்தக் கை எங்க போச்சு?”

அவர் குனிந்துகொண்டார். “மேஸ்திரி கை வந்த பிறகுதானே எங்க கை வரணும்? பேசி வெச்சுக்கல டீச்சர். தானா அப்படி ஆயிடுச்சு.”

“அவருக்கு அட்டை தெரியலன்னா?”

இஸ்திரிக்காரர் சொன்னார்: “எல்லாரும் சரியான அட்டையவே பார்ப்போம். மிஷின் சத்தத்துல வாய் எங்க எடுபடும்? நாங்க கண்ணாலதான் பேசுவோம். அவருக்கு அது பழகிப்போச்சு.”

அவருக்கே தெரியாமல் அவர் படித்தது ஆறு ஜோடிக் கண்களை. என் ஆங்கிலத்தை அல்ல.

ஜூன் 11

சொல்வதா, வேண்டாமா? சொன்னால் இங்கே உடைவார். சொல்லாவிட்டால் அங்கே, அந்நியர் முன்னால். அந்தக் கடிதம் வேறு.

ஜூன் 13, வெள்ளி

சொல்லிவிட்டேன், மற்றவர்கள் வருமுன். முதலில் சிரித்தார். பிறகு அட்டைகளைத் தானே பரப்பி, “அஞ்சு வாக்கியம் சொல்லுங்க” என்றார். சுற்றிலும் ஆளில்லை. ஒன்று சரி, நாலு தப்பு.

“இத்தனை நாளா எல்லாரும் என்னைப் பார்த்துப் பாவப்பட்டிருக்காங்க.”

“பாவம் இல்ல. மரியாதை.”

“எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது டீச்சர்.”

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வகுப்பு நடக்கவில்லை. பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். என்ன டீச்சர் நான்? போர்டுல நம்பர் பெருசாத் தெரிஞ்சாப் போதுமா, ஆளைப் பாக்க வேணாமா? கண்ணு இருந்தும் குருடியா இருந்திருக்கேனே—

ஜூன் 17, செவ்வாய்

வந்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சொன்னார்: “இனிமே எவனும் எனக்குக் கண்ணு காட்டக் கூடாது. கையை நிறுத்தவும் கூடாது. நிறுத்தினா ஒரு வாரம் டபுள் ஷிஃப்ட்.” யாருக்கும் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

பன்னிரண்டுக்குப் பூஜ்யம். மடிப்பக்காவின் கண் கலங்கிவிட்டது, ஆனால் கை நிற்கவில்லை. நான் போர்டில் எதுவும் எழுதவில்லை.

மேலாளருக்கு இன்னொரு கடிதம் எழுதி வைத்திருந்தேன்: முன்பு சொன்னது என் தவறு, இவருக்கு இன்னும் மூன்று மாதம் வேண்டும் என்று. கொடுக்குமுன் மேஸ்திரிக்குப் படித்துக் காட்டினேன். வாங்கி மடித்து என் கையிலேயே திருப்பி வைத்தார். பிறகு, “கொடுங்க. உண்மைதானே” என்றார்.

ஜூன் 20, வெள்ளி

ஆலை வாசலில் அரை மணி நேரம் நின்றேன். மேஸ்திரி வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“ஏழு கேள்வி டீச்சர். மூணு புரிஞ்சது. மத்த நாலுக்கும் புரியலன்னு இங்கிலீஷ்லயே சொல்லிட்டேன்.”

ஜூன் 21

முடிவு தெரியவில்லை. வீட்டுக்காரர் இன்று கேலி செய்யவில்லை. என்ன ஆச்சு என்று இரண்டு தடவை கேட்டார்.

ஜூன் 24, செவ்வாய்

செப்டம்பர் வரை அவகாசம். அதுவரை மேஸ்திரி அவரேதான். பிறகு மறுபடியும் கேள்வி கேட்பார்கள். தப்பித்தோம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு மூச்சு வந்தது.

இன்று மடிப்பக்கா எதிரில் அவரே போய் உட்கார்ந்தார். மற்றவர்களைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் இரக்கமே காட்டவில்லை. முடிந்ததும் வழக்கம்போல் அட்டைகளை அள்ளப் போனேன்.

“இருங்க டீச்சர், எழுதலையே.”

நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு அவரே எழுந்து சாக்பீஸை எடுத்தார். மடிப்பக்காவுக்கு எட்டு. பக்கத்தில் அதைவிடப் பெரிதாகத் தனக்கு நாலு.

“நாலும் என்னோடது,” என்றார்.