காலித் தெருவில் இறங்கிய மேயர்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். அப்பா குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று போனில் கேட்டாய், பக்கத்திலேயே அவர் இருந்ததால் மழுப்பிவிட்டேன், காரணத்தை இப்போது எழுதுகிறேன். உன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினாரே அந்தப் பல் டாக்டர், அவர்தான் இப்போது நம் மேயர். முன்பெல்லாம் கவுன்சிலர்கள் கூடித் தங்களுக்குள் ஒருவரை மேயராக உட்கார வைப்பார்கள், அவர் ரிப்பன் வெட்டுவார், அவ்வளவுதான். ஆற்றோரத் தெருவில் வீடு இடிந்து ஆட்கள் செத்தபோதுகூட இது எங்கள் வேலை இல்லை என்று ஆளாளுக்குக் கைவிரித்தார்கள். அந்தக் கோபத்தில்தான் மேயரை நாங்களே நேராகத் தேர்ந்தெடுக்கிறோம், அவர் கையில் அதிகாரத்தைக் கொடுங்கள் என்று ஊரே கேட்டு வாங்கியது. நானும் இந்த டாக்டருக்குத்தான் ஓட்டுப் போட்டேன். வந்ததும் முதல் உத்தரவு, விரிசல் விட்ட அந்தத் தெருவைக் காலி செய்வது. ஒரே பகலில் எல்லோரையும் மேட்டுப்பக்கப் புது வீடுகளுக்கு அனுப்பிக் கதவுகளுக்குப் பலகை அடித்தாயிற்று. கைதட்டினோம்.

அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. அப்பா ஓட்டும் பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. மத்தியான டிரிப்பில் பழைய ஸ்டாப் நெருங்கும்போது, இறங்குகிறவர்கள் அடிக்கும் மணி அடிக்கிறதாம். நிறுத்திக் கதவைத் திறந்தால் யாரும் இறங்குவதில்லை. மெக்கானிக் வயரையெல்லாம் பிரித்துப் பார்த்துவிட்டுப் பழுதே இல்லை என்றார். அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, மேயர் ஜனங்களைச் சந்திக்கும் நாளில் போய்ச் சொன்னார். ஒரு கையெழுத்தில் அந்த ஸ்டாப்பையே எடுத்திருக்கலாம் அந்த மனுஷன். எடுக்கவில்லை. மறுநாள் தானே பஸ்ஸில் ஏறினார், மணி அடித்ததும் இறங்கினார். அப்பாவும் கூடப் போனார். வீடு வீடாகப் பலகையைத் தட்டிக்கொண்டே போக, தையல்காரர் வீட்டில் உள்ளேயிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள்.

பலகையைப் பிடுங்கிப் பார்த்தால் தையல்காரரின் அக்கா. கண் மங்கியவர், விருந்தாளியாக வந்தவர், தெருவைக் காலி செய்த அன்று பின்னறையில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அக்கா தன் மகளின் ஊருக்கே திரும்பிவிட்டார் என்று தம்பியும், தம்பியோடு இருக்கிறார் என்று மகளும் நினைத்துவிட்டார்கள். தொட்டித் தண்ணீரும் டப்பாவில் மிஞ்சிய மாவும்தான் உயிரைப் பிடித்து வைத்திருந்தன. உத்தரவு போட்ட மேயர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். வேறு யாரும் உள்ளே இல்லையே என்று அவர் கேட்க, அந்த அம்மாள் சொன்னாராம்:

"எல்லாரும்தான் இருக்கோம் தம்பி. பகலெல்லாம் பேசிக்கிட்டே இருப்பாங்க. நீங்க தட்டினதும் பேச்சை நிறுத்திட்டாங்க."

அன்றே தீயணைப்புக்காரர்களோடு ஒவ்வொரு அறையாக மேயரே நுழைந்து பார்த்தார். ஒருவரும் இல்லை. தெருவை இடிக்க இருந்ததையும் நிறுத்தி வைத்துவிட்டார். மேயருக்குப் பைத்தியம், அதிகாரத்தைத் திருப்பிக் கொடு என்று கவுன்சிலர்கள் மறுபடி ஓட்டெடுப்பு கேட்டு நிற்கிறார்கள். என் ஓட்டு அவருக்கே, தப்புக்குப் பொறுப்பேற்க இப்போது ஒரு ஆளாவது இருக்கிறார். ஆனால் ஒன்று சொல்கிறேன், அப்பாவிடம் கேட்காதே. நேற்று நானும் அந்தப் பஸ்ஸில் போனேன். மணி அடித்தது, கதவு திறந்தது, யாரும் இறங்கவில்லை. ஆனால் ஒரு கூட்டமே இறங்கினால் பஸ் எப்படி மெல்ல மேலே எழும்புமோ, அப்படி எழும்பியது.

நீ தீர்க்காயுசாக இரு. பல் வலியைத் தள்ளிப்போடாதே. சீக்கிரம் போன் செய்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா