தள்ளுங்க என்று மாமா சொன்னது

என் வளர்மதி அக்காவுக்கு,

நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. நீ இருந்தபோது எழுதவேண்டிய அவசியமே வரவில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் போன் செய்வாய், வந்துவிட்டது என்றாலும் போன் செய்வாய். "இன்னாடி பண்ற?" என்று ஆரம்பித்தால் என் குழம்பு அடிபிடிக்கும் வரைக்கும் வைக்கமாட்டாய். இப்போதெல்லாம் மூலக்குளத்தில் என் வீட்டுக் குழம்பு அடிபிடிப்பதே இல்லை அக்கா. அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

இந்த வருஷத் தீமிதி முடிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் போன வருஷத்தைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. எனக்குத் தெரியாததா என்று கேட்காதே. நீ சந்துக்குள் இருந்தாய். வெளியே என்ன நடந்தது என்று உனக்கு எப்படித் தெரியும்?

பாகூர் பக்கத்தில் உன் புகுந்த ஊர் சின்ன ஊர்தான். ஆனால் திரௌபதி அம்மன் கோயில் தீமிதி என்றால் மணப்பட்டிலிருந்தும் வருவார்கள், நம் பிறந்த ஊர் ஒதியம்பட்டிலிருந்தும் வருவார்கள், பாண்டியில் வேலை பார்ப்பவர்கள் லீவு போட்டுவிட்டு வருவார்கள். நெருப்பு மிதித்து முடிந்ததும் குழியில் பால் தெளித்து அணைத்து, அந்தச் சாம்பலில் ஒரு சிட்டிகையாவது வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். நீ வருஷா வருஷம் எனக்கும் ஒரு பொட்டலம் எடுத்து வைப்பாய். குழி இருக்கும் திடலுக்குப் போகவும் வரவும் ஒரே சந்து. ஒரு பக்கம் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர், மறுபக்கம் கடைகள்.

கடைக்காரர்கள் சாமான்களை வெளியே பரப்பி வழியை அடைக்கிறார்கள் என்று வருஷா வருஷம் சண்டை. அதனால் போன வருஷம் விழாக்குழு எல்லாக் கடைகளையும் ஷட்டர் இறக்கிவிடச் சொன்னது. நல்லதுக்குத்தான் சொன்னார்கள். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் இரும்பு ஷட்டர் என்று ஆனபோது, ஒதுங்க ஒரு வாசற்படிகூட மிச்சமில்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை. பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களும் சாம்பலுக்குப் போகிறவர்களும் அந்தச் சந்தில் நேருக்கு நேர் வந்து நின்றார்கள். நீ சாம்பலுக்குப் போகிறவர்களோடு இருந்தாய்.

அந்த நேரத்தில்தான் மைக்கில் உன் வீட்டுக்காரர் குரல் வந்தது.

ஏழுமலை மாமாவைப் பற்றி நீ என்ன சொல்வாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "வூட்ல வாயத் தொறக்க மாட்டாரு, மைக்கு கெடச்சா வுட மாட்டாரு." கரும்பு போட்டுப் பிழைக்கிற மனுஷன், ஊரில் கல்யாணமோ கருமாதியோ திருவிழாவோ, மைக் அவர் கையில்தான். அன்றைக்குக் குழியோரம் மேடையில் நின்றிருந்தார். இன்னும் அணையாத தணலில் யாராவது விழுந்துவிடப் போகிறார்களே என்று பயந்து, முன்னால் நெருங்கியவர்களைப் பார்த்து, "பின்னாடி தள்ளுங்க, தள்ளுங்கப்பா" என்றார். விலகுங்கள் என்றுதான் அர்த்தம். பஸ்ஸில் உட்கார இடம் கேட்பவர்கூட "கொஞ்சம் தள்ளுங்கம்மா" என்றுதானே கேட்கிறார்? நீ சோற்றுப்பானையோடு மல்லாடும்போது மாமா வந்து, "தள்ளு, நான் எறக்கறேன்" என்பாரே, அதே தள்ளு.

ஆனால் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது சந்து முனையில். மேளச் சத்தத்தில் "பின்னாடி" கரைந்துபோய் "தள்ளுங்க, தள்ளுங்க" மட்டும் அங்கே வந்து சேர்ந்தது. உன் ஊர்க்காரர்களுக்கு அந்தச் சந்தில் அந்தச் சொல்லுக்கு வேறொரு அர்த்தம் உண்டு. அம்மன் வண்டி அங்கிருக்கும் வாய்க்கால் பாலத்துப் பள்ளத்தில் வருஷம் தவறாமல் சிக்கும், மாமாவும் வருஷம் தவறாமல் மைக்கில் "தள்ளுங்க, தள்ளுங்க" என்பார், எல்லோரும் கை கொடுத்துத் தள்ளுவார்கள். சந்து முனையில் நின்றவர்களுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. வண்டி மாட்டிக்கொண்டது என்று நினைத்தார்கள். பக்தியோடு தள்ளினார்கள் அக்கா.

உன்னோடு இன்னும் இரண்டு பேர் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தபோது உடம்பில் ஒரு காயம் இல்லை. மார்பு விரிய இடமில்லாமல் மூச்சு நின்றிருக்கிறது என்றார் டாக்டர். கூட்டத்தில் சாகிறவர்கள் மிதிபட்டுத்தான் சாவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நின்ற இடத்தில் நின்றபடியே சாக முடியும் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

யாரோ போனில் எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. சந்து நெரிகிறது, மேலே மாமாவின் குரல் தள்ளச் சொல்கிறது. உன் மகள் கயல் அதைக் காலேஜில் வைத்துப் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து அப்பாவோடு பேச்சில்லை. அவர் சாப்பிட்ட தட்டை அவள் எடுக்கமாட்டாள், அவள் வைத்த சோற்றை அவர் தொடமாட்டார். நான் வாரம் ஒருமுறை பஸ் ஏறிப் போய், இவளிடம் அவர் சொன்னதாகவும் அவரிடம் இவள் சொன்னதாகவும் பொய் பேசிக்கொண்டிருந்தேன். என் வாயைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. அந்த வாய்க்கே அலுத்துப்போனது.

மாமா எங்களோடும் பேசுவதை விட்டுவிட்டார். ஒரு தடவை மட்டும் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டே, "நான்தான தள்ளச் சொன்னேன் அமுதா" என்றார். இல்லை மாமா, விலகத்தானே சொன்னீர்கள் என்றேன். "அவளுக்கு எப்டிக் கேட்டுச்சோ" என்றார். அதை உன்னிடம்தான் கேட்கவேண்டும். கடைசியில் உன் காதில் அந்தச் சொல் என்னவாக விழுந்தது அக்கா?

இந்த வருஷம் தீமிதி நடத்தலாமா வேண்டாமா என்றே பெரிய வாக்குவாதம். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசிலிருந்தும் போலீஸ் ஸ்டேஷனிலிருந்தும் ஆள் வந்து கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். நானும் போனேன். மாமா கடைசித் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். யாரோ பேச்சுவாக்கில், மைக் வழக்கம்போல ஏழுமலையிடமே இருக்கட்டும் என்றார்கள். கயல் எழுந்துவிட்டாள்.

"எங்கப்பா கையில மைக்கு குடுக்கக் கூடாது. குடுத்தா நான் இந்த ஊர்லயே இருக்க மாட்டேன்."

மாமா தலையைத் தூக்கவில்லை. அப்போது மளிகைக்கடை கரீம் பாய் எழுந்தார். உனக்குக் கடைசியாகப் பக்கத்தில் இருந்தது அவர் கடை ஷட்டர்தான். உள்ளே சாமானுக்குக் காவலாக அவர் இருந்தார் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்குமேல் அவர் எதுவும் சொன்னதில்லை.

"கயலு, நான் ஒண்ணு சொல்லணும்மா" என்றார். "ஷட்டருக்கு அந்தாண்ட நின்னது உங்கம்மாதான். மைக்குல உங்கப்பா கொரலு வந்திச்சி. ஜனம் முட்டுது. உங்கம்மா கத்துச்சி. 'எங்க வூட்டுக்காரரு வெலகத்தான் சொல்றாரு, தள்ளாதீங்க, வெலகி நில்லுங்க'ன்னு. திரும்பத் திரும்ப அதையேதான் சொல்லிச்சி. அப்பறம் சத்தம் வரல."

"ஏன் பாய் இத்தினி நாளா சொல்லல?" என்று நான்தான் கத்தினேன்.

"சொன்னா, நீ உள்ள இன்னா பண்ணிக்கினு இருந்தன்னு கேப்பீங்களேம்மா. ஷட்டரத் தூக்கத்தான் பார்த்தேன். ஜனம் மொத்தமும் அதும்மேல சாஞ்சுக்கினு இருக்குது. அசையல. தூக்க முடிஞ்சப்ப..." என்றவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர் மேல் வந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அந்த மனுஷனும் ஒரு வருஷமாக அந்த ஷட்டரையே தூக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

தூணுக்குப் பின்னாலிருந்து மாமா, "அவ அப்டியா சொன்னா?" என்று கேட்டார். யாரிடமும் இல்லை. துண்டால் வாயை மூடிக்கொண்டு அழுதார். கயல் அவர் பக்கத்தில் போகவில்லை. ஆனால் வெளியேயும் போகவில்லை.

எனக்குப் பெருமையாக இருந்தது அக்கா. ஆனால் உன் ஒருத்திக்குப் புரிந்து என்ன பிரயோசனம்? உனக்குப் பின்னால் நின்ற அத்தனை பேருக்கும் புரிந்திருக்க வேண்டாமா? சொல்கிறவருக்குச் சந்து தெரியவில்லை, சந்தில் இருந்த உன் கையில் மைக் இல்லை. இதை முன்னாலேயே ஒருவர், ஒரே ஒருவர், யோசித்திருந்தால் நீ இன்றைக்குக் குழாயில் தண்ணீர் வந்த கதையை என்னிடம் சொல்லிக்கொண்டிருப்பாய்.

சில நாள் கழித்து, கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்த மாமாவின் முதுகைப் பார்த்து, "மேடைல நின்னா உனக்கு சந்து தெரியாதுப்பா" என்றாள் கயல். "நான் கடைக்கு மேல பாய் வூட்டு மாடில நிக்கிறேன். போன்ல சொல்றேன். நீ அதப் பார்த்துப் பேசு." ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் அவரைக் கூப்பிட்ட முதல் 'அப்பா' அதுதான். மாமா கை கழுவிக்கொண்டே நின்றார். சோப்புகூடக் கரைந்துபோயிருக்கும்.

இந்த வருஷம் சந்து வெளியே வருவதற்கு மட்டும். உள்ளே போக ஏரிக்கரைப் பக்கம் முள்ளை வெட்டிப் புது வழி போட்டார்கள். அந்த இடம் எப்போதும் அங்கேதான் இருந்தது, முள்ளை வெட்டிப்போட ஒரு நாள் வேலைகூட ஆகவில்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை தாங்கவில்லை. கடைகளின் ஷட்டரெல்லாம் மேலே தூக்கியிருந்தது, வெளியே ஒரு சாமான் கிடையாது. குழிக்கு யாரும் வரவேண்டாம், சாம்பல் வீட்டுக்கே வரும் என்று வாரம் முழுக்க ஆட்டோவில் சொன்னார்கள். என்னையும் ஏரிக்கரைப் பக்கம் கயிறு பிடிக்க நிறுத்தினார்கள். வாயாடியை எங்கே நிறுத்தவேண்டும் என்று ஊருக்குத் தெரிந்திருக்கிறது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கடைசி ஆள் நெருப்பை மிதித்து ஏறியதும் கூட்டம் மொத்தமாகத் திரும்பிச் சந்துக்குள் புகுந்தது. நெருப்பை மிதித்தவர்களுக்குக்கூட அவ்வளவு அவசரம் இல்லை, பார்த்தவர்களுக்குத்தான் அவசரம். மாடியிலிருந்து கயல் போனில் கத்தியிருக்கிறாள்: "அப்பா, சந்து நெரியுது, நிறுத்து." மாமா மேளத்தை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார்.

"எல்லாரும் இருக்கிற எடத்துலயே நில்லுங்க" என்றார். நின்றார்கள். "சந்துல கீறவங்க மொதல்ல வெளிய போவட்டும். பின்னாடி கீறவங்க கொஞ்சம்..."

அங்கே குரல் நின்றுபோனது. எனக்குத் தெரியும் எந்தச் சொல் வந்து தொண்டையில் நின்றது என்று. ஊருக்கும் தெரியும். பிறகு மைக்கில் அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"வெலகி நில்லுங்க" என்றார். "எங்க வூட்டம்மா சொன்னா மாதிரி, வெலகி நில்லுங்க."

யாரும் இடிக்கவில்லை அக்கா. கூட்டத்தின் பின்பக்கம் ஒவ்வொருவராகக் கால் எடுத்துப் பின்னால் வைத்தார்கள். சந்து காலியாகும் வரை ஊரே நின்றது. பாய் வீட்டு மாடியில் கயல் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். இவ்வளவு சுலபமா? நிற்கச் சொன்னால் நிற்கிற ஜனங்கள்தானா இவர்கள்? அதை நினைத்தால்தான் ஆறமாட்டேன் என்கிறது.

பொழுது சாயும் முன்பே மகளிர் குழுப் பெண்கள் தட்டில் வேப்பிலையும் சாம்பலும் எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள். நீ எந்தச் சாம்பலுக்காகப் போனாயோ, அது உன் வாசல் தேடி வந்தது. மாமா உன் படத்துக்கு வைத்தார், கயல் நெற்றியில் வைத்தார். பிறகு காலண்டர் தாளைக் கிழித்து ஒரு பொட்டலம் மடித்தார். "மூலக்குளத்துக்கு ஒண்ணு. அவ மறக்காம எடுத்து வெப்பா" என்று என் கையில் கொடுத்தார்.

அது இப்போது என் எதிரில் இருக்கிறது. பிரிக்க மனம் வரவில்லை.

அன்றைக்குச் சந்தில் நீ கத்தியது பின்னால் நின்ற யாருக்கும் கேட்கவில்லை. இனி வருஷா வருஷம் ஏரிக்கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் கத்துவேன், நீ சொன்னதையே, நீ சொன்ன மாதிரியே. என் தொண்டை இருக்கும் வரை, பின்னால் நிற்கிறவருக்கும் கேட்கும். இது உன் மேல் சத்தியம்.

குழம்பை அடிபிடிக்க விட்டுக் காத்திருக்கும்
உன் வாயாடித் தங்கச்சி,
அமுதா