கிங்கரன் அழுத இடம்

பேராதனை
14.1.1964

அன்புள்ள சோமு மாமாவுக்கு,

குளிருக்குள் இருந்து எழுதுகிறேன். எழுத்துக் கோணினால் மன்னியுங்கள். மாமியின் முழங்கால் நோ எப்படி? நீங்கள் அனுப்பிய கருவாட்டுப் பொதி வந்தது. என் அறைத்தோழி றம்லா, கிண்ணியாப் பிள்ளை, மணந்து பார்த்துவிட்டு, "இது உங்கட ஊர் சல்லிக் கருவாடு. எங்கட பக்கத்துது மாதிரி வராது" என்று குற்றம் சொல்லிக்கொண்டே பாதியை முடித்துவிட்டாள். உங்கள் செத்துப்போன கூட்டாளியின் மகள் நான். அதற்காக ஒரு மனிதர் இவ்வளவு செய்ய வேண்டுமா என்று கேட்கிறாள்.

ஒரு உதவி. கடைசி வருடக் கட்டுரைக்கு நரகத்தை எடுத்திருக்கிறேன். சிரிக்க வேண்டாம். சித்திரைப் பறுவத்தில் எங்கள் கோயிலில் படிக்கிற யமலோகக் கதைதான். கனகசுந்தரம் வாத்தியார் பாட்டை இழுத்து வாசிப்பார். நீங்கள் பயன் சொல்லுவீர்கள், வரிக்கு வரி விளக்கம். எண்ணெய்க் கொப்பரை வந்ததும் சனம் மூச்சு விடாது. எனக்கு அப்போது ஐந்து வயது. அம்மாவின் மடி. பயம் என்று சொன்னால் போதாது. பெரிய கப்பல் பக்கத்தால் போகும்போது தோணி சிறுத்துப்போகுமே, அது.

மற்றப் பெண்கள் கண்ணை மூடுவார்கள். அம்மா மட்டும் நிமிர்ந்து இருப்பா.

அச்சுப் புத்தகத்தில் கொப்பரைக்கு நாலு வரிதான் இருக்கிறது. நீங்கள் அரை மணித்தியாலம் சொல்லுவீர்கள். மிச்சம் எந்த ஏட்டில் உள்ளது?

அன்புடன்,
குணேஸ்வரி


திருகோணமலை
27.1.1964

அன்பு மருமகள் குணேஸ்வரிக்கு,

இங்கு எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கும் அம்மாளை வேண்டிக்கொள்கிறோம். மாமியின் முழங்கால் அப்படியேதான். நாக்கில் மட்டும் ஒரு நோவும் இல்லை.

நீ பல்கலைக்கழகத்தில் நரகம் படிக்கிறாய் என்று கொம்மாவிடம் சொன்னேன். "அதை இஞ்ச இருந்தே படிச்சிருக்கலாம்" என்றா.

பிள்ளை, வேறு ஏடு ஒன்றும் இல்லை. பயன் சொல்லுகிறவன் நாலு வரியை நாற்பதாக்குவான். உப்புப் போடாமல் கஞ்சி இறங்குமா? அதையெல்லாம் கட்டுரையில் எழுதி என்னைப் பெரிய ஆளாக்காதே. துறைமுக ஸ்டோரில் ஆணி எண்ணுகிற எனக்கு அது தாங்காது.

சொர்க்கத்தைப் பற்றி எழுதேன். அதுவும் ஒரு படலம் இருக்கிறதே.

இப்படிக்கு,
க. சோமசேகரம்


பேராதனை
19.2.1964

அன்புள்ள மாமாவுக்கு,

சொர்க்கம் வேண்டாம். அங்கே ஒன்றும் நடப்பதில்லை.

போன ஞாயிறு பக்கத்து விகாரைக்குப் போனேன். சுவர் முழுக்க நரகப் படம். முள்மரம் ஏறுகிறவர்கள், நாக்கு அறுபடுகிறவர்கள். ஒவ்வொருவனுக்கும் கீழே அவன் செய்த குற்றம் எழுதியிருந்தது. கீழே நின்று ஒரு தாய் பிள்ளைக்குச் சோறு ஊட்டினாள். றம்லா தங்கள் மார்க்கத்தில் நரகத்துக்கு மேலால் போகிற பாலத்தைச் சொன்னாள். மயிரிலும் மெல்லியது, வாளிலும் கூரியது, கீழே நெருப்பு. "கிண்ணியாத் துறையில தோணி ஏறி இறங்கிப் பழகின எங்களுக்கு அது பெரிய காரியமில்லை" என்று சிரித்தாள். எவ்வளவு பேர், எவ்வளவு காலம், இதையெல்லாம் இருந்து யோசித்திருக்கிறார்கள்.

மூன்று அச்சுப் பதிப்பும் ஒரு ஏடும் பார்த்துவிட்டேன். மாமா, இது உப்பு இல்லை.

உங்கள் கொப்பரைக்குக் கதவு இருக்கிறது. அடியில், ஒரு ஆள் குனிந்து நுழைகிற இரும்புக் கதவு. கொப்பரைக்குக் கதவு எதற்கு?

உள்ளே இருக்கிறவன் தட்டுவான். நீங்கள் ஏட்டுப் பலகையில் தட்டிக் காட்டுவீர்கள். இரண்டு. கொஞ்சம் விட்டு ஒன்று.

எந்த ஏட்டிலும் யமகிங்கரன் அழுவதில்லை. உங்கள் கிங்கரன் வெளியே நின்று அழுகிறான்.

இன்னொன்றும் உண்டு. களவுக்கு இது, பொய்க்கு இது என்று எல்லாக் குற்றமும் சொல்லுவீர்கள். கொப்பரைக்குள் இருக்கிறவன் என்ன செய்தான் என்று மட்டும் ஒரு வருடமும் சொன்னதில்லை.

யார் அவன்?

குணேஸ்வரி


திருகோணமலை
8.3.1964

குணேஸ்வரிக்கு,

மூன்று தரம் எழுதிக் கிழித்தேன்.

அவன் ஒரு குற்றமும் செய்யவில்லை. அதனால்தான் சொல்லவில்லை.

யப்பான்காரன் குண்டு போட்ட அன்று உன் அப்பா அருளம்பலம் ஒரு நொடியில் போனவர் என்று சொல்லி உன்னை வளர்த்தோம். அப்படி இல்லை. சீனக்குடாவில் வெறுமையான எண்ணெய்த் தாங்கி ஒன்றுக்குள் கசடு சுரண்டிக்கொண்டிருந்தான். உள்ளே ஒருவன் என்றால் வெளியே ஒருவன் நிற்க வேண்டும். அன்று உள்ளே அருளம்பலம், வெளியே நான். உள்ளே நின்று கதைத்தால் வெளியே விளங்காது. அதனால் தட்டுவோம். இரண்டும் ஒன்றும் என்றால் "வாறன், கதவைப் பார்" என்று அர்த்தம்.

பக்கத்துத் தாங்கியில் குண்டு விழுந்தது. எண்ணெய் நெருப்போடு நிலத்தில் ஓடி வந்தது. ஆறு ஓடுகிற மாதிரி, அவசரம் இல்லாமல். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு பெரிய ஒன்றை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. பிறகு கதவைச் சாத்தித் திருகாணியை முறுக்கினேன்.

நெருப்பு உள்ளே போகக் கூடாது என்று சாத்தினேனா, அவனை இழுத்து எடுக்க நேரம் இல்லை என்று பயந்து சாத்தினேனா. பிள்ளை, எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருடமாகத் தெரியாது.

மேட்டில் ஏறி நின்றேன். அவன் தட்டினான். இரண்டு, பிறகு ஒன்று. கிட்டப் போக ஏலவில்லை. மேட்டில் நின்றே கேட்டேன், தட்டல் நிற்குமட்டும். ஏழு நாள் எரிந்தது. உடம்பு இல்லை. தர்ப்பையில் ஆள் செய்து கொள்ளி வைத்தோம்.

அடுத்த வருடம் பயன் சொல்ல ஆள் இல்லை என்றார்கள். போய் இருந்தேன். இருபத்தெட்டு நரகமும் வாசித்தார் வாத்தியார். கொன்றவனுக்கு இருக்கிறது, காட்டிக்கொடுத்தவனுக்கு இருக்கிறது. எனக்கு ஒரு இடமும் இல்லை. கொப்பரைக்குப் பக்கத்தில் கிங்கரன் நின்றான். அவனோடு நானும் நின்றேன்.

இந்த வருடம் பறுவத்துக்கு நான் வரவில்லை. கொம்மாவுக்குச் சொல்வதும் விடுவதும் உன் கையில். வருடா வருடம் படிப்பு முடிய, கோயிலில் முதல் கஞ்சி எனக்குத்தான் தன் கையால் வார்த்துத் தருவா. அதை எப்படிக் குடித்தேன் என்று கேளாதே.

சோமசேகரம்


திருகோணமலை
5.4.1964

குணேஸ்வரிக்கு,

கடிதம் கிடைத்ததோ தெரியவில்லை. பதில் எழுத வேண்டும் என்று இல்லை. கிடைத்ததென்று ஒரு தபாலட்டை போதும்.

சோ.


சல்லி
17.4.1964

கடிதம் கிடைத்தது.

மேலே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அதனால் இடம் விட்டிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு பேராதனையில் மூன்று கிழமை இருந்தேன். கட்டுரையில் ஒரு வரியும் ஓடவில்லை. உங்களை மன்னிக்க எனக்கு என்ன உரிமை? தண்டிக்கவும்தான். அவர் முகத்தை நான் படத்தில் மட்டும் கண்டேன். நீங்கள் சைக்கிளில் பொதியோடு வருகிறதைத்தான் வாசலில் நின்று கண்டு வளர்ந்தேன். அதுதான் கோபமாக வருகிறது.

லீவுக்கு வந்ததும் குசினியில் வைத்து அம்மாவுக்கு வாசித்தேன். தட்டல் வந்த இடத்தில், "அது தெரியும்" என்றா.

நான் நிறுத்திவிட்டேன்.

"அவர் வேலையால வந்தா அப்பிடித்தான் கதவில தட்டுவார். இரண்டும் ஒண்டும். கதவைப் பார் எண்டு. முதல் வருஷம் சோமு பலகையில தட்டின உடனை எனக்கு விளங்கிட்டுது, இவர் கேட்டிருக்கிறார் எண்டு."

ஏன் ஒருநாளும் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா நிப்பாட்டிப் போடுவார். பிறகு நான் எங்க போய்க் கேக்கிறது?"

நான் நரகம் என்று பயந்துகொண்டு மடியில் கிடந்திருக்கிறேன். அவ அப்பா வீட்டுக்கு வருகிறதைக் கேட்டுக்கொண்டு நிமிர்ந்து இருந்திருக்கிறா. ஒரே பலகை. ஒரே தட்டல். இதை எந்தக் கட்டுரையில் எழுதுவேன்?

மிச்சத்தையும் வாசிக்கச் சொன்னா. கதவு அவவுக்குத் தெரியாது. திருகாணி தெரியாது. வாசித்து முடிய எழும்பிப் போனா. இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. கடற்கரையில் கருவாடு காயப்போடுகிற இடத்தில் போய் இருந்தா. நானும் பக்கத்தில் இருந்தேன். இன்று காலை வந்து, எழுது என்றா. அவ சொன்னபடி எழுதுகிறேன்.

"பறுவத்துக்கு வரச் சொல்லு. வழமைபோலச் சொல்லட்டும். தட்டட்டும். தட்டின பிறகு ஆர் எண்டு பேரைச் சொல்லட்டும். அருளம்பலம் எண்டு. சனமும் கேக்கட்டும்.

"கிங்கரன் ஆர் எண்டு சொல்ல வேண்டாம். அது அவரோட இருக்கட்டும்.

"கஞ்சி இந்த முறை நான் வார்க்க மாட்டன். என்ர கை வராது. வாத்தியாற்றை பெண்சாதி வார்ப்பா.

"குடிக்காமல் போகவேண்டாம் எண்டும் எழுது."

குணேஸ்வரி